ஸ்னேகாவுக்குத் தினம் ஒரு கவிதை

திருத்தணி
4-8-2003

தம்பி தணிகைமணிக்கு,

அக்கா வரலட்சுமி எழுதுவது. பேசமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். அதனால் டீக்கடை சிங்காரத்திடம் கொடுத்தனுப்புகிறேன். ஊரில் எத்தனையோ இடம் இருக்க, என் நூலகத்துக்கு நேரெதிரிலா நெட் சென்டர் திறப்பாய்? காலேஜ் பசங்க ஒருத்தரும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. பேப்பர் படிக்க வரும் பெரியவர்களும் பாதி நேரம் தூங்குகிறார்கள். டிசம்பருக்குள் வாசகர்கள் கூடாவிட்டால் நூலகத்தை மூடி, என்னைப் பொதட்டூர்பேட்டைக்கு மாற்றுவார்களாம். சந்தோஷம்தானே?

வயிற்றெரிச்சலுடன்,
அக்கா

10-8-2003

அன்புள்ள அக்காவுக்கு,

வயிற்றெரிச்சலுக்கு மோர் அனுப்பியிருக்கிறேன். வேறு கடை கிடைக்கவில்லை, முருகன்மேல் ஆணை. நீ கோபமாய்ப் போவதைத் தினமும் ஜன்னல் வழியாகப் பார்க்க எனக்கு மட்டும் நன்றாகவா இருக்கிறது? ஏதாவது செய்கிறேன்.

தம்பி

15-10-2003

தம்பிக்கு,

அதிசயத்தைக் கேள். பாலிடெக்னிக் துரைக்கண்ணு திடீரென்று வந்து, "கவிதை புக்கு எதுனா கீதுங்களா?" என்றான். மறுநாள் ஆறுமுகம். பின்னாலேயே இன்னும் சிலர். ஒவ்வொருவனும் கோயம்புத்தூர் ஸ்னேகா என்று ஒருத்தியோடு உன் கடையில் சாட் செய்கிறானாம். தினம் ஒரு கவிதை போகாவிட்டால் அவள் பதிலே போடமாட்டாளாம். எல்லோருக்கும் ஒரே ஸ்னேகா என்பது அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. கவிதை அலமாரி காலி. அந்தப் பெண் நன்றாயிருக்கட்டும். உன்மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது.

அக்கா

24-12-2003

அக்கா,

திட்டாமல் படி. ஸ்னேகா நான்தான். கவிதை பற்றி எனக்கென்ன தெரியும், "சூப்பர், இன்னொண்ணு" என்று தட்டிவிடுவேன். இப்போது எல்லோரும் அவளை வருஷக் கடைசியில் மலைக்கோயில் படித் திருவிழாவுக்கு வரச்சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எனக்கு மீசை இருக்கிறதே! வேறு வழியில்லை, பெங்களூர் மாப்பிள்ளையோடு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று இன்று எழுதப்போகிறேன். இனி உன் அலமாரிப் பக்கம் எவனும் வரமாட்டான். நீ ஊரைவிட்டுப் போனால் என்னால் தாங்கமுடியாது அக்கா. என்னால் ஆனது இவ்வளவுதான்.

தணிகை

5-1-2004

அட போக்கிரி,

பாவம்டா அந்தப் பசங்க! உன்னை நாலு சாத்து சாத்தவேண்டும். படித் திருவிழா முடிந்து நூலகம் திறந்ததும் எல்லோரும் கண் சிவந்து வந்து நின்றார்கள். உறுப்பினர் அட்டையைத் திருப்பித் தர வந்தார்கள் என்றே நினைத்தேன், எனக்கு உயிரே போய்விட்டது. துரைக்கண்ணு தலையைக் குனிந்தபடி, "அக்கா, சோகமான கவிதைங்கள தனியா வெச்சிகினு கீறீங்களா?" என்றான்.

அலமாரி மறுபடி காலி. அதிகாரி வந்து பார்த்து அசந்துபோனார். நூலகம் இங்கேயேதான் இருக்குமாம். ராத்திரி சாப்பிட வாடா. உன்னோடு பேசாமல் எனக்கு என்னவோ போலிருக்கிறது.

அக்கா