கொம்பு மலையைச் சுற்றி நாற்பத்தொரு முறை

5 ஜனவரி 2006, வியாழன்

இன்றும் சண்டை. பின்லாந்துக்காரன் பெக்கா ரசிகர் தளத்தில் எழுதியிருக்கிறான்: வாரன்மார் கம்ப்யூட்டர் விளையாட்டு வரிசையிலேயே நாலாம் பாகம்தான் உசத்தியாம். காரணம், அது திறந்த உலகமாம். எங்கே வேண்டுமானாலும் போகலாம், எப்போது வேண்டுமானாலும் போகலாம். செங்கம் ரோட்டில் எருமைகளும் அதைத்தான் செய்கின்றன. ஒருவரும் கைதட்டுவதில்லை.

இதையே இங்கிலீஷில் எழுதிப் போட்டேன். அகராதியோடு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எருமைக்குச் சரியான வார்த்தை போட்டேனா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

அறுபத்தேழு வயதில் எனக்கு எதற்கு இது என்று சரசு கேட்கிறாள். முப்பத்தெட்டு வருஷம் என்னோடு இருந்தவள் கேட்கிற கேள்வியா இது?

எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது. 1991-இல் ஒரு ஜெர்மன்காரர் ஞானம் தேடி வந்தார், கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு. ஆசிரமத்துப் பக்கம் மாடி அறை எடுத்துத் தங்கினார். நம்மூர் கரண்ட் அதைப் பொசுக்கியது. ஊரில் ஒருத்தனும் தொடவில்லை. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற நான் தொட்டேன், ஓடியது. ஊருக்குத் திரும்பும்போது அவர் ஞானத்தை எடுத்துப் போனாரா தெரியாது. கம்ப்யூட்டரை எனக்கு விட்டுப் போனார். அதற்குள் இருந்தது வாரன்மார் முதல் பாகம்.

ஒரு வாசல். அதைத் திறந்தால் அடுத்த வாசல். ஒவ்வொரு பூட்டையும் யாரோ உட்கார்ந்து யோசித்துப் பூட்டியிருந்தார்கள். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். அந்த வாசல்களில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இங்கிலீஷே படித்தேன். எனக்குப் போய் பெக்கா பாடம் எடுக்கிறான்.

9 ஜனவரி, திங்கள்

தளத்தை நடத்துகிறவர்களிடமிருந்து மெயில். நாலாம் பாகத்துக்கும் வரைபடம் நான்தான் வரைய வேண்டுமாம். முதல் மூன்று பாகத்துக்கும் நான் சார்ட் பேப்பரில் வரைந்ததைத்தான் உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள். 'மாஸ்டர் காசி' என்று விளித்து எழுதியிருந்தார்கள்.

இந்த ஊரில் எனக்குப் பெயர் காயில் காசி. மோட்டார் எரிந்தால் கூப்பிடுவார்கள். எரியாத நாளில் எதிரே வந்தாலும் தெரியாது.

வரைகிறேன் என்று பதில் போட்டுவிட்டேன். திட்டிக்கொண்டேதான் வரைவேன், அது வேறு.

14 ஜனவரி, சனி

பொங்கலும் பௌர்ணமியும் ஒரே நாளில் வந்து தொலைத்தன. ஊரில் கால் வைக்க இடமில்லை. சரசு மத்தியானமே கிளம்பிவிட்டாள்.

"ஒரே ஒருவாட்டி வாங்களேன். மலைய சுத்தினா கால் ஒண்ணும் தேஞ்சிடாது" என்றாள்.

"கல்லு கல்லாத்தான் இருக்கும், சுத்தினவன் கால்தான் வீங்கும்" என்றேன்.

பெயர் காசி, பிறந்தது திருவண்ணாமலை. இரண்டு ஊர்ச் சாமியாலும் இன்றுவரை என்னிடம் ஒன்றும் வாங்க முடியவில்லை.

21 ஜனவரி, சனி

என் பழைய பெட்டியில் நாலாம் பாகம் ஓடாது. அதனால் அப்பாதுரையின் ப்ரவுசிங் சென்டர். அவன் கடையின் யூ.பி.எஸ். பழுதானால் நான் பார்ப்பேன், பதிலுக்கு மூலைக் கம்ப்யூட்டர் எனக்கு. இப்படித்தான் ஒப்பந்தம். ஆனால் சனிக்கிழமைகளில் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு அருணாதேவி வந்துவிடுகிறாள். வேங்கிக்காலில் ஏதோ அரசாங்க ஆபீஸில் கிளார்க். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். வாரன்மார் ஆட்டத்தை மூன்றாம் பாகத்திலிருந்துதான் ஆடுகிறாள், பேச்சு என்னவோ அவள்தான் கண்டுபிடித்த மாதிரி.

"எங்க வேணா போன்னு ஒருத்தன் சொன்னா என்ன அர்த்தம்? நீ எங்க போனா எனக்கென்னன்னு அர்த்தம்" என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நாள் பூரா ஆபீஸ்ல மூணாம் ஜன்னலுக்குப் போங்க, நாலாம் ஜன்னலுக்குப் போங்கன்னு ஜனங்கள தொரத்திட்டு வரேன் ஐயா. என்னையும் அங்க போ இங்க போன்னு தொரத்துறாங்க. இங்கயாவது யாரும் ஒண்ணும் சொல்லாம இருக்கட்டுமே."

"அப்ப வீட்ல சும்மா உக்காந்துக்கறது."

"வீட்ல மாமியார் இருக்காங்க."

அப்பாதுரை சிரித்தான். சிரிக்க என்ன இருக்கிறது? அவள் சொன்னதற்கு அப்போது பதில் வரவில்லை. இப்போதும் வரவில்லை. நாளைக்கு வரும்.

22 ஜனவரி

வரவில்லை.

28 ஜனவரி, சனி

நாலாம் பாகத்துத் தீவின் நடுவில் ஒரு மலை. கொம்பு மாதிரி நிற்கும், கொம்பு மலை என்றே பெயர். சுற்றி ஒரு பாதை. முதல் நாளிலிருந்து என் வாதம் இதுதான்: அவ்வளவு பெரிய மலையை வைத்துவிட்டு அதில் ஒரு குடிசைகூட வைக்கவில்லை, இடம் அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நாலு மாதத்தில் அதை நாற்பத்தொரு முறை சுற்றி வந்துவிட்டேன். சுற்றுக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். வரைபடத்தில் மலை முழுக்க 'காலி' என்று பெரிய எழுத்தில் எழுதியும் ஆயிற்று.

இன்று அருணாதேவி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொல்கிறாள், "காலியா? மணி வார்க்கிற ஊரு ஒண்ணு இருக்கே அங்க. நாப்பது பேரு இருப்பாங்க."

"எங்க?"

"மலைக்குள்ள. வடக்கால."

"கனவு கண்டிருப்ப."

"ஆமா, எனக்கு வேற வேல இல்ல. உங்க மலைய கனவுல பாக்கறேன்."

வந்த கோபத்தில் நேராகத் தளத்தில் எழுதினேன். மலையில் ஊர் இருக்கிறது என்று ஒரு கிளார்க்கம்மா சொல்கிறாள். நான் குறிக்காமல் விட்ட, ஆள் குடியிருக்கிற ஒரே ஒரு இடத்தைக் காட்டுங்கள். அன்றோடு இங்கே ஒரு வார்த்தை எழுத மாட்டேன் — காசி.

பெக்கா உடனே சிரிக்கிற முகம் ஒன்று போட்டான். அந்த மஞ்சள் மூஞ்சியைக் கண்டுபிடித்தவன் யாரோ.

4 பிப்ரவரி, சனி

எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதுகிறேன்.

அருணாதேவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்களே நடங்க ஐயா, நான் பாக்கறேன்." நடந்தேன். முழுச் சுற்று. வடக்கே மெதுவாகவே நடந்தேன், ஒவ்வொரு பாறையாகக் காட்டினேன். ஒன்றும் இல்லை. "எங்கம்மா உங்க ஊரு? பஸ் ஏறிப் போயிடுச்சா?" என்றுகூடக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

மவுஸை வாங்கினாள். ஆளைத் திருப்பி, வந்த வழியே எதிர்ப்பக்கமாக நடக்க விட்டாள். வடக்கே ஒரு நீட்டுப் பாறை. நான் நாற்பத்திரண்டு தடவை கடந்த பாறைதான். அந்தப் பக்கமிருந்து வந்தால் அதன் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளவு, உள்ளே வெளிச்சம். நுழைந்தாள். தெரு. உலை. மணி தொங்குகிற வீடுகள். ஒரு கிழவன் திரும்பிப் பார்த்து வாங்க என்றான்.

நாற்பது பேர் இல்லை. எண்ணினேன், முப்பத்தாறு.

"ஏன் ஐயா, நீங்க எப்பவும் மலைய வலது கைப்பக்கம் வச்சே சுத்துவீங்களா?"



அப்பாதுரைக்குத்தான் முதலில் உறைத்தது. "யம்மா! அம்பது வருசமா கிரிவலம் போறவன கிண்டல் பண்ண ஆளு, நாப்பது சுத்து பிரதட்சணமே பண்ணிருக்காரு பாரு!" கடை முழுக்கச் சிரிப்பு. மெயில் பார்க்க வந்திருந்த ஒரு வெள்ளைக்காரம்மாவுக்கு அவன் இங்கிலீஷில் விளக்கம் வேறு சொன்னான். அந்தம்மா சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அது அதைவிடக் கேவலம்.

அருணாதேவியும் சிரிக்கவில்லை.

5 பிப்ரவரி

யாரும் அப்படிச் சுற்றச் சொல்லித் தரவில்லை. நானாகத்தான் சுற்றினேன். ஏன்?

6 பிப்ரவரி, திங்கள்

யோசித்துப் பார்த்தேன். முப்பது வருஷம் சைக்கிளில் டூல் பையை மாட்டிக்கொண்டு அடிஅண்ணாமலைப் பக்கம் மோட்டார் பார்க்கப் போயிருக்கிறேன். செங்கம் ரோடு வழியாகப் போவேன். வேலை முடிந்ததும் போன வழியே திரும்பலாம். திரும்பியதே இல்லை. அப்படியே மலையைச் சுற்றிக்கொண்டுதான் வீடு வந்திருக்கிறேன். சைக்கிளையும் சேர்த்தால் எத்தனை சுற்று என்று எண்ணப் பயமாக இருக்கிறது.

விஷயம் சரசு காதுக்கும் போய்விட்டது. அப்பாதுரை பெண்டாட்டி பூக்கடையில் சொல்லியிருக்கிறாள். திட்டுவாள், இல்லை சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள், "எந்த மலையோ. சுத்தினீங்களே, அது போதும்."

முப்பத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு கேவலமாக யாரிடமும் தோற்றதில்லை.

8 பிப்ரவரி

தளத்தில் கடைசியாக எழுதினேன். ஊர் இருக்கிறது. வடக்கே நீட்டுப் பாறைக்குப் பின்னால். முப்பத்தாறு பேர். கண்டது அருணாதேவி. நான் சொன்னது சொன்னதுதான். காசி.

12 பிப்ரவரி, ஞாயிறு

பௌர்ணமி. கூட்டம். வெளியே தலைகாட்டவில்லை. காட்டினால் எவனாவது "இந்தப் பக்கமா பெரியவரே" என்பான்.

இந்த நாலு நாளில் சார்ட் பேப்பரை நாலு தடவை எடுத்துச் சுருட்டி வைத்துவிட்டேன். காலையில் எழுந்ததும் பெக்கா என்ன உளறியிருக்கிறான் என்று தோன்றுகிறது. வாரன்மாரோடு பதினஞ்சு வருஷப் பழக்கம் இல்லையா. அதற்கு முன்னால் நான் காலையில் என்ன யோசித்துக்கொண்டு எழுந்தேன்? ஞாபகமே இல்லை.

18 பிப்ரவரி, சனி

அருணாதேவி வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் ஆரஞ்சுப் பழம், ஆஸ்பத்திரிக்கு வருகிற மாதிரி.

"ஒரு கேம் ஐயா அது. யாரும் உங்கள போகச் சொல்லல. பெக்காவே வந்துடச் சொல்லுன்னு எழுதியிருக்காரு."

"எழுத மாட்டேன்னு சொன்னா சொன்னதுதான்."

"யார் கேட்டாங்க உங்கள அப்டி சொல்லச் சொல்லி?"

"நீதான்."

"நானா? நான் மணி வார்க்கிற ஊருன்னுதான் சொன்னேன்."

சரசு சமையல்கட்டிலிருந்து, "அவர்கிட்ட பேசி ஜெயிக்கறதுக்கு அந்த மலைகிட்ட பேசலாம்மா. காபி குடி" என்றாள். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் மாமியாரைப் பற்றிப் பேசினார்கள். என் பெயர் அதில் வரவில்லை, ஆனால் இடையிடையே என்னைப் பார்த்தார்கள்.

போகும்போது அருணாதேவி சொன்னாள்: வரைபடத்தை இப்போது தளத்துக்காரர்கள் அவளைப் போடச் சொல்லிவிட்டார்களாம். "எனக்கு கோலமே கோணலா வரும். எப்டின்னு பாத்துக்கோங்க."

25 பிப்ரவரி, சனி

அவள் வரைந்ததைக் கொண்டுவந்து காட்டினாள். தீவு உடைந்த அப்பளம். கொம்பு மலை நடுவில் இட்லி. ஆறு மலைமேல் ஏறிப் போகிறது. ஆறு ஏறுமா? அரசாங்க ஆபீஸில் ஏறும் போலிருக்கிறது.

இதைப் போடவேண்டாம் என்றேன். அடுத்த வாரக் கடைசிக்குள் ஏதாவது ஒன்று போட்டாக வேண்டும் என்றாள். "அப்ப நீங்களே வரைங்க" என்றாள்.

"பேர் எழுதாம வரைபடம் ஏது? எழுதினா சொன்ன சொல்லு போச்சு."

அவள் இட்லியைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

27 பிப்ரவரி, திங்கள்

ஒரு வார்த்தை எழுத மாட்டேன் என்றுதானே சொன்னேன். கோடு போட மாட்டேன் என்று சொல்லவில்லையே.

4 மார்ச், சனி

முடிந்தது. ஆறு நாள். வாரன்மார் தீவு முழுக்க, இரண்டு சார்ட் ஒட்டி. கரை, காடு, ஆறு (இறங்குகிறது), பாலம், பாதை. கொம்பு மலைக்கு மட்டும் ஒன்றரை நாள். ஒரு பெயர் கிடையாது, ஓர் எழுத்து கிடையாது. மூலையில் என் பெயரும் கிடையாது. நீட்டுப் பாறையை வரைந்தேன். அதன் முதுகில் பிளவைப் பென்சிலால் வரைந்து, பிறகு ரப்பரால் அழித்துவிட்டேன்.

அப்பாதுரை துண்டு துண்டாக ஸ்கேன் எடுத்தான். "என்னய்யா ஒரு எழுத்தும் இல்ல, எவனுக்கு என்ன புரியும்?" என்றான். அருணாதேவி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வடக்குப் பாறை மேல் விரலை வைத்து, "இங்க ஒண்ணும் காணோமே" என்றாள்.

"நடந்தா தெரியும்" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் தளத்தில் ஏற்றிவிட்டாள்.

11 மார்ச், சனி

அருணாதேவி படித்துக் காட்டினாள். நான் எழுதத்தான் கூடாது, கேட்கலாம்.

தளத்தில் ஒரே ரகளை. பெயரில்லாத வரைபடம் என்ன வரைபடம் என்று பாதிப்பேர் திட்டுகிறார்கள். மீதிப்பேர் திட்ட நேரமில்லாமல் தீவில் அலைகிறார்கள். கிழக்குக் கரையில் நான் போட்ட ஒரு சின்ன வளைவைப் பார்த்துவிட்டு, யாரோ போய் அங்கே ஒரு படகுத்துறையைக் கண்டுபிடித்திருக்கிறான். நான் வெறும் கரை என்று நினைத்துத்தான் போட்டேன். பெக்கா ஒரு வாரமாக யாரோடும் சண்டை போடவில்லையாம். ஏதோ தேடிக்கொண்டிருக்கிறானாம்.

திறந்த உலகம் தவறு என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தப் படகுத்துறையைப் போய்ப் பார்த்தேன். கடை மூடும் வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கமாகச் சுற்றினேன் என்று கவனிக்கவில்லை.