நம் ஸ்பெயின் பாதையும் நான் பிடுங்கிய முள்ளும்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கும் இடங்களிலும் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். இதை நீ எப்போது படிப்பாய், படிப்பாயா என்பதே தெரியாது. ஆனாலும் உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று காலை கண்மாய்க் கரையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதுமே பின் டயரில் கருவேல முள் ஏறிவிட்டது. சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் மட்கார்டில் ‘டிக்’ என்று உரசியது. இறங்கிப் பார்த்தேன். இரண்டு விரலால் பிடித்து இழுக்கும் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கை தானாக அதை நோக்கிப் போய்விட்டது. அப்புறம்தான் நீ சொல்வது ஞாபகம் வந்தது.

“தொடாதை. வீடு போற மட்டும் அந்த முள்ளுத்தான் காத்தைப் பிடிச்சு வச்சிருக்கும்.”

கையை எடுத்துக்கொண்டேன்.

பதினோராம் வகுப்பில் எல்லோருக்கும் சைக்கிள் கொடுத்தார்களே, அந்த வாரம்தான் நாம் பேசவே ஆரம்பித்தோம். நீ ஊருக்கு வெளியே இருக்கும் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருகிறவள். உன் பேச்சில் பாதி எனக்குப் புரியாது. என் பேச்சைக் கேட்டு நீ சிரிப்பாய். பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்த பயண இதழ் ஒன்றை நான் விரித்து வைத்திருந்தேன். நீ தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாய். ஸ்பெயின் நாட்டில் ஒரு சரளைப் பாதை. இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். தூரத்தில் ஓர் ஆறு பாறையை ஆழமாக அறுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பாதையில் இரண்டு பெண்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். கார், லாரி எதுவும் அங்கே வராது என்று படத்தின் அடியில் போட்டிருந்தது.

“லாரியே வராதாமடி! அப்ப ரோட்டுக்கு நடுவால ஓடலாம்” என்றாய்.

உனக்கு அதுதான் பெரிய அதிசயமாக இருந்தது. நம் மெயின் ரோட்டில் மீன் லாரியும் இராமேஸ்வரம் போகிற வேன்களும் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போகும்போது உன் ஹேண்டில்பார் நடுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன்.

“எங்க கண்மாய்க் கரையிலயும்தான் லாரி வராது” என்றேன். “சரளை போட்டிருக்காக. கரையோட போயி, ஓடையைப் பிடிச்சம்னா கடலுக்கே போயிரலாமாம். எங்க அய்யா சொன்னாக.”

அன்றிலிருந்து அது நம் ஸ்பெயின் ஆயிற்று. திராட்சைத் தோட்டத்தை நாம் இருவருமே பார்த்ததில்லை. அதனால் கரைக்குக் கீழே இருந்த மிளகாய்க் கொல்லைகளைத் திராட்சை என்று வைத்துக்கொண்டோம். பழம் சிவந்து கிடக்கும் மாதத்தில் அதொன்றும் பெரிய பொய்யாகத் தெரியவில்லை. பழம் பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருநாள் நிமிர்ந்து, “ஏன்டி, இந்த வெயில்ல சைக்கிளை மிதிச்சுக்கிட்டு எங்க போறீக?” என்று கேட்டாள்.

“ஸ்பெயினுக்கு அக்கா.”

“அங்கன என்ன விசேசம்?”

“திராட்சை பழுத்திருக்காம்.”

“அப்ப வரையில ரெண்டு கிலோ வாங்கிட்டு வாங்க. மருமக மசக்கையா இருக்கா, புளிப்பாக் கேக்குறா.”

திரும்பும்போது நீ வண்டியை நிறுத்தி, “இன்னும் பழுக்கேல்லையாம் அக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாய்.

சரளையில் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நீதான். முகாம் வாசலில் சைக்கிள் கடை வைத்திருந்த உன் அப்பாவிடமிருந்து உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கல் பாதைக்குக் காற்று கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். முன் பிரேக்கைத் தொடக்கூடாது. ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கக்கூடாது, அது ஆடினால் ஆடட்டும் என்று விட வேண்டும். மீன்கொத்தியைக் கண்டால், எதையும் எழுதிவைக்கும் என் நோட்டை ஒரு கையை விட்டுத் தேடுவேன். “ஏய் புத்தகம், முன்னுக்குப் பாத்து ஓடு!” என்று கத்துவாய். வகுப்பில் எல்லோருமே என்னைப் புத்தகம் என்று கூப்பிட ஆரம்பித்தது உன்னால்தான்.

கடைசி வரை போக வேண்டும் என்பது நம் திட்டம். ஓடை கடலில் சேரும் இடம் எப்படி இருக்கும் என்று எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறோம்! படத்தில் இருப்பதுபோல உயரத்திலிருந்து விழும் என்பாய் நீ. நம் ஊரில் விழுவதற்கு உயரமே கிடையாது என்பேன் நான். ஒவ்வொரு முறையும் எதற்காவது பாதியில் திரும்பிவிடுவோம்.

அந்தச் சனிக்கிழமையை இனி எழுதத்தான் வேண்டும்.

அன்று மாலை நான்கு மணிக்கு முகாமில் செக்கிங். பெயர் கூப்பிடும்போது எல்லோரும் நேரில் நிற்க வேண்டும். நீ கிளம்பும்போதே இரண்டு தடவை சொன்னாய். வெள்ளம் அறுத்துப் போட்ட ஓடைப் பள்ளத்தைத் தாண்டிவிட்டோம். காற்றில் உப்பு வாடை வந்துவிட்டது. கடல் தெரிகிறதா என்று பார்க்க நீ ஒரு மணல் மேட்டில் ஏறினாய். உன் சைக்கிளை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். பின் டயரில் முள் இருந்தது. உனக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்துப் பிடுங்கினேன். நீ சொன்னது எனக்குத் தெரியாததல்ல. என் நோட்டில் எழுதியே வைத்திருந்தேன். ஆனாலும் குத்தி நிற்கும் ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

‘உஸ்’ என்ற சத்தம் கேட்டு நீ இறங்கி வந்தாய். திட்டவில்லை. டயரை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, “சரி, நட” என்றாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் சைக்கிளை உனக்குக் கொடுத்திருக்கலாம். நீ நான்கு மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்பாய். அது வாய் வரைக்கும் வந்தது. அந்த ஓடைக் கரையில் தனியாக நடக்கப் பயந்துகொண்டு விழுங்கிவிட்டேன். நீயும் கேட்கவில்லை. இருவரும் உருட்டிக்கொண்டே வந்தோம்.

முகாம் வாசலுக்கு வந்தபோது எல்லாம் முடிந்து போயிருந்தது. உன் அப்பா ஸ்பானரோடு நின்றிருந்தார். உன்னை ஒன்றும் கேட்காமல் சக்கரத்தைச் சுற்றி ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

“முள்ளு எங்க?”

“எடுத்தாச்சு அப்பா.”

“ஆர் எடுத்தது?”

அதைக் கேட்கும்போது அவர் என்னைத்தான் பார்த்தார். நான் செயினைப் பார்த்தேன்.

“நான்தான்” என்றாய் நீ.

நான் செயினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு உன் அப்பா கடையைச் சாத்திவிட்டு, செக்கிங்கில் நீ ஏன் இல்லை என்று அதிகாரிகளிடம் விளக்கம் சொல்ல மூன்று நாள் அலைந்தார். உன் சைக்கிள் கடைச் சுவரில் ஆணிக்குப் போய்விட்டது. கண்மாய்ப் பக்கம் இனிப் போகக்கூடாது என்று உன் வீட்டில் சொல்லிவிட்டார்களாம். நீ என்னிடம் எப்போதும்போலத்தான் இருந்தாய். நான்தான் போர்டு தெரியவில்லை என்று சொல்லி முதல் பெஞ்சுக்கு மாறினேன். போர்டு நன்றாகத் தெரிந்தது. உங்கள் குடும்பத்துக்கு இலங்கைக்குத் திரும்பும் காகிதங்கள் வந்து நீங்கள் கிளம்பிய நாளில், காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். காய்ச்சலும் இல்லை.

இன்று முள்ளோடேயே ஓட்டிக்கொண்டு கடைசி வரை போனேன். பாதை முழுக்க ‘டிக், டிக்’. மிளகாய் பறிக்கும் அக்காவைக் காணோம். நாம் நின்ற மணல் மேட்டைத் தாண்டினால் அரைமணி நேரம்கூட இல்லை. அவ்வளவு பக்கத்தில் வந்துதான் திரும்பியிருக்கிறோம். அங்கே நீ சொன்னதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. ஓடை கடலில் சேரவே இல்லை. நடுவில் ஒரு மணல்திட்டு. ஓடைத் தண்ணீர் இந்தப் பக்கம் அசையாமல் நிற்கிறது. அந்தப் பக்கம் அலை அடிக்கிறது. ‘பார்த்தாயா?’ என்று சொல்லத் திரும்பினேன். என் சைக்கிள் மட்டும் ஸ்டாண்டில் நின்றது. நோட்டை எடுத்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் திரும்ப வைத்தேன்.

வரும் வழியில் முகாமுக்குப் போனேன். இன்னும் அங்கேயே இருக்கும் உன் மாமி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

“மாமி, அன்னைக்கு முள்ளைப் புடுங்குனது நான்தான்.”

அவர் கத்தியை நிறுத்தவில்லை. “அது அண்டைக்கே எல்லாருக்கும் தெரியும் பிள்ளை. சைக்கிள் கடைக்காரன்ர மகள் முள்ளைப் பிடுங்குவாளோ?”

“அப்ப அவுக அப்பா ஏன் கேட்டாக?”

“நீ சொல்லுவாய் எண்டு பாத்தவர். பிறகு, பாவம், சின்னப்பிள்ளை பயந்திட்டுது எண்டு அவரே சொன்னவர்.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நான் கேட்காமலே மாமி சொன்னார்.

“போற அண்டு காலமை வேன்காரன் ஹாரன் அடிக்க அடிக்க இந்த வாசல்லதான் நிண்டவள். புத்தகத்துக்குக் காய்ச்சலாமடி எண்டன். ‘இல்லை மாமி, உண்மையாக் காய்ச்சல் எண்டா எத்தினை டிகிரி எண்டு எழுதி அனுப்பியிருப்பாள்’ எண்டு சொல்லிப்போட்டு ஏறினவள்.”

சொல்லும்போது மாமி சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் போன் இரண்டு மாதமாக வேலை செய்யவில்லையாம். மாமிக்கும் இலங்கைக்குத் திரும்பும் காகிதம் வந்ததும் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவதாகச் சொன்னார். எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் டயரை அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. அய்யாவும் குனிந்து பார்த்தார். “என்னத்தா, முள்ளு நிக்கிது. புடுங்கிரவா?”

“வேணாம் அய்யா. அங்கனயே இருக்கட்டும்.”

இப்போது நான் இதை எழுதும் இடத்திலிருந்து அந்தச் சக்கரம் தெரிகிறது. நான் முடிக்கட்டும் என்றுதான் அய்யா இவ்வளவு நேரம் பொறுத்திருந்தார். காலையில் வேலைக்குப் போக வேண்டியவர். விளக்கை அணைக்க எழுந்துவிட்டார்.