திரையில் தெரிந்த வீடு

ஜெனீவா
7.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அகிலா எழுதுவது. நீயும் மாமாவும் நலமா என்று கேட்கவே கூசுகிறது. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நேற்று எங்கள் அறக்கட்டளைக் கூட்டத்தில், வறுமை ஒழிப்பு உதவிக்குத் தேர்வான குடும்பங்களின் படங்களைத் திரையில் காட்டினார்கள். திடீரென்று நம் பிள்ளையார்பாளையம் வீடு. நான் வாங்கித் தந்த பிரிட்ஜ் திறந்திருக்கிறது. உள்ளே மடித்து வைத்த துணிகள். பக்கத்தில் நீ. கீழே, ‘சம்பூர்ணம், வயது 51. நாளுக்கு ஒருவேளை உணவு.’

என் அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. வாராவாரம் “நல்லா இருக்கோம்மா” என்றாயே, ஏன்?

உன்
அகிலா

பிள்ளையார்பாளையம்
20.1.2025

அன்புத் தங்கை அகிலாவுக்கு,

உன் கடிதம் வந்தது. படம் எடுக்க வந்தவர்கள் உன் ஆபீஸ்காரர்கள் என்றே எனக்குத் தெரியாது.

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் புது மெஷின் வந்ததும் மாமாவோடு நாற்பது பேரை நிறுத்திவிட்டார்கள். எட்டு மாதமாகிறது. விவரம் எழுத வந்த பெண், “வெளிநாட்டுல சொந்தக்காரங்க யாராச்சும் இருக்கறாங்களாம்மா?” என்று கேட்டாள். “யாரும் இல்லம்மா” என்றேன். உன்னையே இல்லை என்றேன், அகிலா.

தீபாவளிக்குப் பணம் அனுப்பட்டுமா என்றாய். வேண்டாம் என்றேன். அதோடு விட்டுவிட்டாய். இன்னொரு தரம் கேட்டிருக்கலாம்.

சம்பூர்ணம்

ஜெனீவா
5.2.2025

அக்கா,

இன்று மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஊழியரின் குடும்பத்துக்கு உதவி கிடையாது என்பது விதி. பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டார்கள். அடுத்திருந்த குடும்பத்துக்கு அது போகும்.

எத்தனை வருடமாக இந்த வேலையில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். பதினொன்று என்றேன். எந்த நாட்டில் யார் பட்டினி என்று கேட்டால் உடனே சொல்வேன், அக்கா. உன்னைத்தான் தெரியவில்லை.

பணம் அனுப்பியிருக்கிறேன். மாதாமாதம் வரும். மறுக்காதே.

அகிலா

பிள்ளையார்பாளையம்
24.2.2025

அகிலாவுக்கு,

பணம் வந்தது. “தங்கச்சி காசுல துன்றதா?” என்று மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எடுத்துக்கொண்டேன். மூன்று வேளையும் சமைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

பட்டியலில் இருந்தபோது கை நீட்டியதாகத் தோன்றவில்லை. தெருவில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். இப்போது தோன்றுகிறது.

பங்குனி உத்திரத்துக்கு வா. ஒரு மாதமாவது என்னோடு இரு. நான் சமைத்துப் போடுகிறேன், நீ சாப்பிடு. அதன்பிறகு உன் பணத்தை வாங்க எனக்குக் கூச்சமிருக்காது.

உன் அக்கா