படிகத்தின் சூடு

பதிவு 1. செவ்வாய், 06:10
பவளத்தீவு ராடார் நிலையம். எழுதுபவன் தவசிமுத்து, ஆளும் நான் ஒருவன்தான். அணுக் கடிகாரம் இரண்டும் ஒன்றுபோல ஓடுகின்றன. மூன்றாவது பழுதுபார்க்கக் கப்பலில் போயிருக்கிறது, எப்போது வருமோ. மேலே விண்கலத்தில் அமலோற்பவம், நலம். வியாழனன்று இங்கே காயலில் இறங்குகிறாள். எட்டு மாதமாக நான் பேசிய ஒரே ஆள் அவள். இறங்கியதும் மீன்குழம்பு வேண்டுமாம்.

பதிவு 2. செவ்வாய், 15:40
சூரியப் புயல். கரை நிலையத்தோடு தொடர்பு அறுந்தது. கடைசியாக வந்த செய்தி, கலத்தை இறக்க நான் கட்டளை அனுப்ப வேண்டிய நேரம். அனுப்ப வேண்டிய நேரம் தெரியும், அதைப் பார்க்க நம்பகமான கடிகாரம் இல்லை. புயலில் இரண்டில் ஒன்று ஒன்றேகால் விநாடி தவறவிட்டிருக்கிறது. எது என்று இரண்டும் சொல்லாது. கலம் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடுகிறது. தப்பானதை நம்பினால் காயலைத் தாண்டிப் பாறையில் விழுவாள்.

பதிவு 3. புதன், 17:25
அவள் குரல் கிடைத்தது. குழறுகிறது.
"தவசி அண்ணே, பாதி கரண்டு போச்சு. ஹீட்டர அணைச்சுட்டேன். படிகத்தோட சூட்ட மட்டும் விட்டு வச்சிருக்கேன். எது அணைஞ்சாலும் அது அணையக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீய."
சொல்வேன். எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். கலத்தின் கடிகாரம் ஒரு குவார்ட்ஸ் படிகம். சூடு குறைந்தால் துடிப்பு பிசகும், மறுபடி நிலைக்க நாளாகும். அதற்காக ஆள் விறைக்க வேண்டும் என்று எந்த மடையன் சொன்னான்.
ஆனால் எனக்கு மூன்றாவது கடிகாரம் அதுதான். கலம் ஓயாமல் ரேடியோவில் அனுப்பும் அதன் துடிப்போடு இரண்டையும் ஒப்பிட்டேன். இடப்பக்கத்தது சரி. உடனே சொன்னேன்: "அமலம், வேலை முடிஞ்சுது. அத அணைச்சுட்டு ஹீட்டரப் போடும்மா." அதற்குள் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டாள். கேட்டாளா தெரியவில்லை.

பதிவு 4. வியாழன், 04:50
தலைக்கு மேலே வந்த ஒவ்வொரு சுற்றிலும் அதையே சொன்னேன். பதில் இல்லை. துடிப்பு மட்டும் வருகிறது. மின்சாரம் மிச்சம் பிடிக்கப் பேச்சு ரேடியோவை நிறுத்தியிருப்பாள். அப்படித்தான் இருக்கும். படிகத்தை அணைத்து ஹீட்டரைப் போட்டிருந்தால் துடிப்பு இந்நேரம் பிசகியிருக்கும். அளந்து பார்க்க எனக்குத் துணிவில்லை.

பதிவு 5. வியாழன், 07:32
கட்டளை அனுப்பினேன். இயந்திரம் எரிந்தது. வான்குடை விரிந்தது. காயலின் நட்டநடுவில் இறங்கியிருக்கிறது. படகை எடுக்க வேண்டும்.
போகுமுன் துடிப்பை அளந்தேன். வாழ்நாளெல்லாம் பிசகோடு மல்லுக்கட்டியவன் நான். இன்றைக்கு மட்டும் கொஞ்சம் பிசகித் தொலையேன் என்று கெஞ்சுகிறேன்.
இன்னொரு முறை அளந்தேன்.
பிசகவில்லை