அடைக்கச் சொன்ன உள்கதவு

அண்ணா,

வகுப்புக்குப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள். அம்மா மாடியில் தூங்குகிறாள், சத்தம் போடாதே.

கார் ஷெட்டில் ஜன்னல் வைத்தாகிவிட்டது. தரையில் டைல்ஸும் பதித்துவிட்டார்கள், இன்னும் காயவில்லை, மிதிக்காதே.

மேஸ்திரி என்னிடம், "சமையலறைப் பக்கத்து உள்கதவ அடைச்சிரச் சொன்னாரு உங்கண்ணன். இன்னிக்கே கல்லு வெச்சிரட்டுமா?" என்றார். நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று மறுபடி கேட்டேன். "வாடகைக்கு வர்றவங்களுக்கு எதுக்கும்மா உள்வழி?" என்று சிரித்தார்.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு மாடி ஏறி இறங்கச் சிரமப்படும் அம்மாவுக்கு என்றுதானே ஷெட்டை அறையாக்கினோம்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கல் வைக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். அதைச் சொல்ல நான் யார் என்று நீ கேட்கலாம், நானும் கேட்டுக்கொண்டேன். நாளைக் காலையில் மேஸ்திரி உன்னிடமே கேட்பார்.

பி.கு.: அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. மதியம் என் தோளைப் பிடித்து இறங்கி வந்து, வாசலில் நின்றபடியே அறையைப் பார்த்தாள். கட்டிலின் தலைமாடு உள்கதவு ஓரமாக இருக்கட்டும் என்றாள். நீ சாப்பிட வந்தால் குரல் கேட்குமாம்.