அம்மப்பாவின் பெயர் வேலன்

என்னைப் பேசச் சொல்லி ஒருநாளும் அதட்டாத என் அம்மாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது மூன்றே எழுத்து. நீங்கள் போய் முப்பத்தோராம் நாள் படையலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரின் அச்சுப் புரூஃப் மேசையில் கிடந்தது. அதில் "காலஞ்சென்ற வேலுப்பிள்ளையின் அன்பு மகளும்" என்று இருந்தது. உங்கள் அப்பாவின் பெயர் வேலன். அவர் செத்து இத்தனை வருடத்துக்குப் பிறகு கடல் கடந்து இந்த இல்ஃபோர்டில் வைத்து யாரோ அவருக்கு ஒரு "பிள்ளை"யை ஒட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மேல் வரியைப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் மரண அறிவித்தலை எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். உங்களுக்கு யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகப் போட்டிருந்தார்கள். கலியாணத்துக்குப் பிறகு அப்பாவோடு ஒரே ஒருமுறை, பத்து நாள், நீங்கள் யாழ்ப்பாணம் பார்த்தீர்கள். பத்து நாள் தங்கின இடத்தில் ஒருவர் பிறக்க முடியுமா அம்மா?

வீட்டுச் செய்தி கொஞ்சம் சொல்கிறேன். அப்பா வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். உங்கள் போனுக்கு இன்னும் ஒவ்வொரு நாளும் சார்ஜ் போடுகிறார், ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் அதே தையல் கடையில்தான் இருக்கிறேன். பின் அறையில் காற்சட்டைக்குக் கரை மடித்துத் தைப்பவளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அது பொருத்தமான வேலை என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். எனக்கும் பிடித்த வேலைதான், அதை அவர்களிடம் சொல்லவில்லை.

அத்தை ஒரு மாதமாக இதே நகரத்து எட்மண்டனில் இருந்து ஒவ்வொரு நாளும் வந்து சமைத்தார். அப்பாவின் அக்கா செய்ததை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆஸ்பத்திரியில் உங்கள் காலுக்கு எண்ணெய் பூசிவிட்டவர் அவர்தான். நீங்கள் உங்கள் ஊர்ப் பேச்சில் "என்னகா" என்று சொல்லும்போதெல்லாம் குசினிக்குள் அடுப்படியில் நின்று சிரித்தவரும் அவர்தான். தம்பியை மட்டக்களப்புக்காரி மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டிப்போட்டாள் என்று விருந்தினர் முன்னால் பகிடி விடுவார். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

நீங்கள் மட்டக்களப்பு என்றுதான் அவர்களுக்குத் தெரியும். அங்கே எந்த ஊர், எந்தச் சனம் என்று யாரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அப்பாவை விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன், அந்த சாம்பிள் புத்தகத்தைப் பார்க்க நீங்கள் விட்டது என்னை மட்டும்தானே.

இந்தத் திறந்த கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்காக அதைச் சொல்கிறேன். அம்மா துப்புரவு வேலை செய்த கடையில் சுவரில் ஒட்டும் வோல்பேப்பரின் பழைய மாதிரிப் புத்தகங்களை எறிவார்கள். சூட்கேஸ் மாதிரிப் பிடி வைத்த பெரிய புத்தகம். தாளின் முன்பக்கம் பூவும் கிளியும் இருக்கும், பின்பக்கம் வெறும் வெள்ளை. ஊரில் இருந்து அம்மாவின் அக்கா மகன் கருவாடும் மிளகாய்த்தூளும் பத்திரிகைத் தாளில் சுற்றி அனுப்புவார். அம்மா அந்தத் தாள்களை உதறி, இஸ்திரி போட்டு, தன் ஊர்ப் பக்கத்துச் செய்தி எதுவென்றாலும் வெட்டி அந்த வெள்ளையில் ஒட்டுவார். அதனால் எங்கள் வீட்டு வரலாற்றுக்குத் தூள் மணம் உண்டு.

எல்லாம் இரண்டு விரல் அகலச் செய்திகள். பாடசாலைக்குக் கூரை போட்டது, குளம் உடைத்தது, இடம்பெயர்ந்த குடும்பங்கள் திரும்பி வந்தது. செய்தியில் எங்கள் ஆட்களுக்குப் பெயரே இருக்காது. "ஒரு முதியவர்" என்பார்கள், "சில குடும்பங்கள்" என்பார்கள், "பழங்குடியினர்" என்பார்கள். நீங்கள் கீழே போல்பொயின்ட் பேனையால் பெயர் எழுதுவீர்கள். "யானை தாக்கி ஒருவர் பலி" என்ற செய்திக்குக் கீழே உங்கள் எழுத்து இப்படி இருக்கிறது: "வேலன். எங்கட அப்பா. வயசு பிழையாகப் போட்டிருக்கு. தேன் எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போது."

இன்னொரு துண்டில் உங்கள் ஊர் இலுப்பங்கேணியை "எல்லைக் கிராமம்" என்று போட்டிருந்தார்கள். யுத்தத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் துவக்கோடு வந்து போன காலத்துச் செய்தி அது. அதற்குக் கீழே நீங்கள் எழுதியதை நான் பாடமாக்கி வைத்திருக்கிறேன். "ஆருக்கு எல்லை? எங்களுக்கு நடு."

அம்மா, நான் வாய் திறந்தேன். புரூஃபைக் கையில் எடுத்து, இது பிழை என்று அத்தையிடம் சொன்னேன். என்ன பிழை என்று கேட்டார்.

"அம்மப்பாவின்ர பேர் வேலன்."

அத்தை கண்ணாடியைக் கழற்றினார். "அது எனக்கும் தெரியும் பிள்ளை. கொப்பர் சொன்னவர். நான்தான் மாத்திப் போடச் சொன்னனான்."

அப்பாவே சொல்லியிருக்கிறார், அது அச்சுப்பிழை இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வேலன் என்று மொட்டையாகப் போட்டால் சனம் ஆர், எவர் என்று கிண்டத் தொடங்கும் என்றார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "நாளைக்கு உனக்கொரு கலியாணப் பேச்சு வரேக்கை இந்தப் புத்தகத்தைத்தான் எடுத்துப் பாப்பினம். உன்ர நன்மைக்குத்தான் சொல்லுறன்."

எனக்கு நன்மை வேண்டாம் என்றேன். அப்படி ஒரு வசனத்தை நான் வாழ்க்கையில் யாருக்கும் சொன்னதில்லை.

"பள்ளிக்கூடத்திலை வாய் திறக்கிறாள் இல்லை எண்டு கொம்மா என்னட்டை வந்து அழுதவா. இப்ப நல்லா வாய் வந்திட்டுது."

அழுதீர்களா அம்மா? எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நான் சொன்ன அன்று, "பேசாட்டி என்னகா, நீ பாக்கிறாய்தானே" என்று மட்டும்தான் சொன்னீர்கள். அதுவும் சோற்றைப் போட்டுக்கொண்டே.

நான் அப்பாவைப் பார்த்தேன். "விடு பிள்ளை" என்றார். "பத்துப் பக்கப் புத்தகம். ஆர் உதை வாசிக்கப் போகினம்?"

எல்லோரும் வாசிப்பார்கள் என்று அத்தை சொல்கிறார். ஒருவரும் வாசிக்கமாட்டார்கள் என்று அப்பா சொல்கிறார். இரண்டு பேரும் வந்து நின்ற இடம் ஒன்றுதான். வேலன் அதில் இருக்கக்கூடாது.

கோயிலில் இவர்களே வள்ளியம்மனுக்குப் பட்டுச் சாத்துகிறார்கள். வள்ளி வேடர் மகள் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வேலன் என்பது சாமியின் பெயராக இருந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், என் அம்மப்பாவின் பெயராக இருந்தால் மட்டும் பின்னால் வால் வேண்டும். சாமிக்கு வேடர் வீட்டில் பெண் எடுக்கலாம். அப்பா எடுத்ததை மட்டும் ஏன் மூடவேண்டும்? இதை நான் அங்கே சொல்லவில்லை. சொல்ல வரவில்லை. அதனால்தான் இங்கே எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

அங்கே நான் செய்தது அறைக்குள் போய் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்ததுதான். மேசையில் விரித்து வாசித்தேன். நீங்கள் ஊரில் இருந்து வரும்போதே கொண்டுவந்த துண்டு அது, அலுவலர்கள் ஊருக்கு வந்து குடும்ப விவரம் பதிந்த செய்தி. படத்தின் ஓரத்தில் ஒரு கிழவர், பாதி முகம் படத்துக்கு வெளியே போய்விட்டது. தங்களை எந்த இனம் என்று எழுதவேண்டும் என "ஒரு முதியவர்" அலுவலரிடம் சொன்னதாகப் பத்திரிகை போட்டிருக்கிறது. அதற்குக் கீழே நீங்கள் எழுதியதை நான் சத்தமாக வாசித்தேன்.

"இது என்ர அப்பா வேலன். 'வேடர் எண்டு எழுதுங்க, வேற ஒண்டும் எழுதவேணாம்' எண்டு சொன்னவர் இவர்தான். நான் பக்கத்தில நிண்டனான். என்ர கை மட்டும் தெரியுது."

அப்பா அந்தப் புத்தகத்தை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். நெடுநேரம் குனிந்து படத்தைப் பார்த்தார். "இவர் எனக்கு ஒரு போத்தில் தேன் தந்தவர்" என்றார். பிறகு எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டார். அது எனக்கு ஆதரவா, இல்லையா என்று இப்போதும் தெரியவில்லை.

அத்தை மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "சரி. உன்ர விருப்பப்படி போடு. ஆனா என்ர பேரை உதிலை போடாதை" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மூன்று நாளாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் படையலுக்கு வருவாரா? அவர் வராவிட்டால் அப்பாவின் பக்கத்தில் எத்தனை பேர் வரமாட்டார்கள்? அதை நினைக்க எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயத்துக்காக ஒரு மனிதரின் பெயரை மாற்ற ஏலாது.

இன்று கடையில் லீவு கேட்டுவிட்டு லூயிஷாமுக்குப் போனேன். அச்சகத்துக்குப் போன் எடுத்திருக்கலாம், எனக்குப் போனில் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். ரயிலில் இருந்தே ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி முடித்தேன். அச்சகத்து அண்ணை, "ஐயா வரவில்லையோ" என்று அப்பாவைக் கேட்டார். நான் தாளை நீட்டினேன். அவர் அதை முணுமுணுத்து வாசித்தார். இலுப்பங்கேணியைப் பிறப்பிடமாகவும், இல்ஃபோர்டை வதிவிடமாகவும் கொண்டவரும், வேடர் வழிவந்த காலஞ்சென்ற வேலனின் அன்பு மகளும்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சி, வடிவா யோசிச்சனீங்களோ? அடிச்சாப் பிறகு மாத்த ஏலாது."

"அதுக்குத்தான் அண்ணை அடிக்கிறது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, எட்மண்டனில் இருந்து ஒரு அம்மா போன் எடுத்துத் தன் பெயரை எடுக்கச் சொன்னார், எடுக்கட்டுமோ என்று கேட்டார். மைத்துனி என்ற இடத்தில் அத்தையின் பெயர் இருந்தது. இருக்கட்டும் என்றேன். கோபத்தில் போனவர் என்பதற்காக உங்கள் காலுக்கு எண்ணெய் பூசியவர் இல்லாமல் போய்விடுவாரா? அத்தை, இதை நீங்களும் வாசிப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் பெயர் அதில் இருக்கிறது. வந்து என்னை ஏசுங்கள்.

அண்ணை கணினியில் "ப்பிள்ளை"யை அழிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் போயிற்று, மிஞ்சிய "வேலு" "வேலன்" ஆயிற்று. புதுப் புரூஃப் வரும்வரை காத்திருக்கும்போது உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். அம்மப்பா நிற்கும் அந்தப் படத்தில் ஏழு பேர் நிற்கிறார்கள். நீங்கள் அவரோடு சேர்த்து நாலு பேருக்குத்தான் பெயர் எழுதியிருக்கிறீர்கள். மிச்ச மூன்று பேரும் யார் என்று உங்கள் அக்கா மகனுக்கு நானே போன் எடுத்துக் கேட்பேன். அவருக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரின் நம்பரை வாங்கி அவரிடம் கேட்பேன். நாக்குத் தடுக்கினாலும் கேட்பேன். உங்கள் எழுத்துக்குக் கீழே என் எழுத்தில் அந்த மூன்று பெயரும் வரும்.

புரூஃப் வந்தது. அடியில் குடும்பத்தவர் ஒப்பம் என்று ஒரு கோடு இருந்தது. அப்பா வந்து வைத்தால் நல்லது என்று அண்ணை சொன்னார். நான் அவரிடம் பேனையை வாங்கி, முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை இன்னொருமுறை வாசித்து, அந்தக் கோட்டின் மேல் என் பெயரை முழுதாக எழுதினேன்.

உங்கள் ஒரே மகள்,
இலுப்பங்கேணி வேலனின் பேத்தி.