செவலையின் மடி

9.5.89 செவ்வாய்

காலையில் மூடுபனி, பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். சேலத்திலிருந்து எங்கள் மலைப் பண்ணையைப் பார்க்க முப்பத்திரண்டு பேர், ஏதோ கிளப் குடும்பங்கள். காபி நாற்றுப் பைக்கு மண் நிரப்புதல், மிளகுக் கொடி நடுதல், கடைசியாகப் பால் கறத்தல். மற்ற இரண்டு மாடுகளும் சினை. கறவை செவலை ஒன்றுதான். ஒரே மடியில் இருபது பேர் கை. டவுன்காரர்கள் காம்பை மணிக்கயிறு மாதிரி இழுக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பஸ் போனபின் சின்னப்பொண்ணு வந்தாள். மாடு பார்ப்பவள், கரடியூர்க்காரி, பதினோரு வருடமாகத் தினக்கூலி.

"ஏனுங்க சார், செவலைக்கு முன்காம்பு ரெண்டும் வீங்கிக் கெடக்குதுங்க. மடி நொம்பக் கொதிக்குது. ஒரு வாரம் யாரும் கை வெக்க வேண்டாமுன்னு சொல்லுங்க."

பண்ணை சூப்பிரண்டிடம் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. என் பதவி உயர்வுக்கு அவர்தான் இந்த மாதம் அறிக்கை எழுதுகிறார்.

10.5 புதன்

விதை ரூம் சாவி காணோம். அரை நாள் தேடல். என் பையிலேயே இருந்தது.

சூப்பிரண்டு கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை மெட்ராஸ் மேலதிகாரி, குடும்பத்தோடு. "அவர் பொண்ணு பால் கறக்கணும்னு ஆசைப்படுதாம். மாடு நல்லா இருக்கில்ல?"

"நல்லா இருக்குங்க சார்."

மாலை கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். பால் திரிதிரியாக, லேசாக ரத்தம். சின்னப்பொண்ணு கற்றாழையும் மஞ்சளும் அரைத்து மடிக்குப் பூசிக்கொண்டிருந்தாள். நானே பெரிய சார்கிட்டச் சொல்றனுங்க என்றாள்.

"சொல்லு. அப்புறம் நீ வேலைக்கு வர வேண்டியதில்ல."

அவள் பூசிக்கொண்டே இருந்தாள்.

12.5 வெள்ளி

ஜீப் 11 மணிக்கு. மாலை, இளநீர், போட்டோ.

செவலை ஆளை நெருங்கவே விடவில்லை. பின்னங்காலைக் கட்டு என்றேன். "வலியில நிக்குது சார். நான் கட்ட மாட்டனுங்க," என்றாள் சின்னப்பொண்ணு. மெதுவாகத்தான் சொன்னாள், நல்லவேளை. நானே கட்டினேன். முடிச்சு சரியில்லை என்று அப்போதே தெரியும். மேலதிகாரி கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டார்.

பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும். ஆசையாக உட்கார்ந்து காம்பைப் பிடித்தது. ஒரே உதை. கயிறு அவிழ்ந்து தொங்குகிறது, பெண் சாணத்தில் கிடக்கிறது, மணிக்கட்டு ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது.

"யார் கட்டினது?" சூப்பிரண்டு.

"சின்னப்பொண்ணுங்க சார்." இவ்வளவு சீக்கிரம் வாயில் வரும் என்று நானே நினைக்கவில்லை.

"நான் கட்டலீங்க. மாட்டுக்கு ஒடம்பு சரியில்லீன்னு சார்கிட்ட அன்னிக்கே சொன்னனுங்க."

சூப்பிரண்டு என்னைப் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்க சார்," என்றேன்.

மேலதிகாரியின் மனைவி சின்னப்பொண்ணைக் காலில் விழச் சொன்னார். விழுந்தாள். ஜீப்பில் தாய் மடியில் படுத்திருந்த பெண் அழுகையை நிறுத்தி, "அம்மா, அந்த மாமாதான் கட்டினாரு. நான் பாத்தேன்" என்றது.

"நீ சும்மா இரும்மா. பெரியவங்க பேசறாங்க."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். ராத்திரிச் சாப்பாடு வழக்கம்போல் இறங்கியது.

13.5 சனி

சின்னப்பொண்ணின் வாக்குமூலத்தை என்னையே எழுதச் சொன்னார் சூப்பிரண்டு. மாட்டின் நோயை மறைத்தேன், அஜாக்கிரதையாகக் கட்டினேன், வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன். ஒரு பக்கம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்குதுங்க என்று கேட்டாள்.

"மாடு உதைச்சது, கொழந்தைக்கு அடிபட்டதுன்னு எழுதியிருக்கு. வேற ஒண்ணுமில்ல."

"சாமி மேல சத்தியமாங்க?"

"ஆமா."

பெருவிரலை மசியில் வைத்து அழுத்தினாள். திங்கக்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று அதன் பிறகு சொன்னேன். மசி விரலைச் சேலையில் துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

14.5 ஞாயிறு

மழை. ஆராதனைக்குப் போனேன். பிரசங்கம் நீளம். குடை மாறிப் போச்சு.

15.5 திங்கள்

மாட்டு டாக்டர் வந்தார். மடியில் பாதி போய்விட்டது, இனி கறவைக்கு ஆகாது. சூப்பிரண்டு உடனே தரகரை வரச் சொன்னார். மா. 3 மணிக்கு லாரி. அறுப்புக்குத்தான்.

கேட்டில் சின்னப்பொண்ணு. எப்படித் தெரிந்ததோ. கையில் காம்புக்குத் தடவும் எண்ணெய்க் கிண்ணம். வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டார்.

"வேலை கேட்டு வரலீங்க சார். மடியில பால் கட்டிக் கெடக்குது. அடிவாரம் போறதுக்குள்ள அத்தனை வளைவிலயும் குலுங்குமுங்க. ஒருவாட்டி கறந்து உட்டுட்டுப் போயிடறனுங்க."

வெளியாள் உள்ளே வரக் கூடாது என்றேன். விட்டிருந்தால் பத்து நிமிஷம். யாருக்கும் நஷ்டமில்லை. விட்டால் நான் தப்பு செய்தேன் என்று ஆகிவிடும் போல இருந்தது.

லாரி கேட்டைத் தாண்டும்போது செவலைக்கு அவள் வாசனை தெரிந்துவிட்டது. கத்த ஆரம்பித்தது. இவள் கிண்ணத்தோடு பின்னாலேயே ஓடினாள், முதல் வளைவு வரைக்கும். எண்ணெய் ரோடெல்லாம் சிந்தியது.

17.5 புதன்

தெளிந்த வானம். சூப்பிரண்டு என் அறிக்கையை அனுப்பிவிட்டாராம். நல்லபடியாகத்தான் எழுதியிருப்பதாக ஆபீஸ் ரைட்டர் சொன்னார்.

மாரமங்கலத்திலிருந்து வேறு மாடு, கன்று போட்டு ஒன்பது நாள். கா. 10 மணிக்கு டீச்சர்கள் இருபத்தாறு பேர். வரிசையில் நிற்க வைத்தேன். எல்லோரும் கறந்தார்கள். கடைசியில் ஒரு டீச்சர் கேட்டார்: "ஏனுங்க சார், இத்தனை பேர் கறந்தா மாட்டுக்கு வலிக்காதுங்களா?"

"வலிக்காதுங்க. பழகிக்கும்."

நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.